தொழில் மாறலாம், நம்பிக்கை மாறலாகாது

 

 

எலுவன்குளத்தில் வாழும் நமக்குக் கலா ஓயாவைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேலே இராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், கீழே புத்தளம் - மன்னார் பழைய வீதியிலுள்ள சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கிவிடுகின்றது. கோடை காலத்தில் அப்பாலத்தைக் கடந்து செல்பவர் அதனை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. வெள்ளம் வந்த அன்றுதான் பாலம் என்றால் என்னவென்று தெரிகின்றது. ஆனால் வெள்ளம் வந்த அன்று பாலம் கட்ட எவராலும் இயலாது.

தொழிலின் மூலம் மனிதர்களுக்கிடையே ஏற்படும் தொடர்பும் இத்தகையதே. தேவையில்லாத நாட்களில் நாம் அதனைக் கவனிப்பதில்லை. தேவை வந்த நாளில் அதனைப் புதிதாக உண்டாக்கிக் கொள்ளவும் முடிவதில்லை. இன்றைய உரையில் இவ்விடயத்தையே நாம் சிந்திக்கவிருக்கின்றோம்.

ஒரே தொழிலில் ஆயுள் கழிவதில்லை

நம் பாட்டனார் காலத்தில் ஒருவர் மீனவராகப் பிறந்தால் மீனவராகவே மரணித்தார். இன்று அவ்வாறில்லை. இப்பிரதேசத்தில் ஒரு காலத்தில் இறால் வளர்ப்பு பெரும் வருமானம் தந்தது. 1990களில் வெள்ளைப் புள்ளி நோய் பரவியபோது பல பண்ணைகள் கைவிடப்பட்டன. 2020ஆம் ஆண்டு கொரோனா தொற்று வந்தபோது சுற்றுலாத் துறையை நம்பியிருந்தோர் வேறு வேலை தேடினர். 2022ஆம் ஆண்டு நாட்டில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் கிடந்தன. எத்தனையோ இளைஞர்கள் கடவுச்சீட்டுக்காக வரிசையில் நின்றனர். வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களும் ஒரு நாள் திரும்பி வரத்தான் செய்கின்றனர். திரும்பி வந்தவர் அங்கு செய்த வேலையையே இங்கும் செய்வார் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

தொழில் மாற்றம் என்றதும் பெற்றோர் இரண்டு விடயங்களைப் பற்றியே கவலைப்படுகின்றனர். ஒன்று சான்றிதழ், மற்றையது முதல். இரண்டும் அவசியமானவைதாம். எனினும் மூன்றாவதாக ஒன்றுண்டு. நம்முடன் வேலை செய்தவர், நமக்கு வேலை தந்தவர், நம்மிடம் வேலை பெற்றவர் ஆகியோரின் உள்ளத்தில் நம்மைப் பற்றியிருக்கும் நம்பிக்கையே அது. பழைய தொழிலின் கருவிகள் புதிய தொழிலுக்கு உதவாமற் போகலாம். அந்த நம்பிக்கையோ எந்தத் தொழிலுக்கும் நம்மோடு கூடவே வரும்.

வியாபாரிகள் பேரீச்சந் தோட்டத்துக்கு வந்தபோது

கி.பி. 622ஆம் ஆண்டு நடைபெற்ற ஹிஜ்ரத்தை நாம் மார்க்கத்துக்கான பயணமாகவே அறிந்திருக்கின்றோம். அது ஒரு தொழில் மாற்றமாகவும் இருந்தது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மக்காவாசிகள் வியாபாரிகள், விவசாயத்துக்கு ஏற்ற மண் அவர்களது ஊரில் இருக்கவில்லை. மதீனாவாசிகளோ பேரீச்சை விவசாயிகள். வீட்டையும் பொருளையும் விட்டுவிட்டு வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவில் வாழ்வாதாரம் எங்கிருந்து வரும்?

அன்ஸாரிகள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களது பேரீச்ச மரங்களைத் தங்களுக்கும் முஹாஜிர் சகோதரர்களுக்கும் பங்கிட்டுத் தருமாறு வேண்டினர். நபியவர்கள் அதற்கு இணங்கவில்லை. அதன்பின் மற்றுமோர் ஏற்பாடு செய்யப்பட்டது. முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைப்பது, விளைச்சலில் இரு சாராரும் பங்கு பெறுவது என்பதே அந்த ஏற்பாடு. முஹாஜிர்கள் அதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டனர். ஸஹீஹுல் புகாரியில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். மரத்தை இலவசமாகப் பெற்றவர் மரத்துக்கு உரிமையாளர் ஆவாரே தவிர விவசாயியாக ஆகமாட்டார். உரியவருடன் இணைந்து உழைத்தவரோ தொழிலைக் கற்றுக்கொள்கின்றார். அவரது சுயமரியாதையும் காப்பாற்றப்படுகின்றது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலிருந்த தூரம் நீங்கி இருவரும் பங்காளிகளாகின்றனர். பின்னர் கைபர் வெற்றியின் பின் முஹாஜிர்களின் வசதி பெருகியபோது, அன்ஸாரிகள் பயன்பெறுவதற்கெனத் தந்திருந்த மரங்களை அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள் என்றும் ஹதீஸ்களில் காண்கின்றோம். உதவி பெற்றவர் உதவியை மறக்கவில்லை. அதனால்தான் அந்த உறவு நிலைத்தது.

நம் கண்முன்னே நடந்த ஹிஜ்ரத்

இத்தகைய ஒரு நிகழ்வு நம் மாவட்டத்திலும் நடந்திருக்கின்றது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் தொகை சுமார் 75,000 என மதிப்பிடப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசமே வழங்கப்பட்டது. மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தனர். வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே தஞ்சமளித்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் அவர்களுக்காகத் திறந்துவிடப்பட்டன.

நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் நடந்தவை இவை. பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் சொல்லக் கேட்டே நான் இவற்றை அறிவேன். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர் கற்பிட்டியில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். மன்னாரில் சொந்த வயல் வைத்திருந்தவர் புத்தளத்து உப்பளத்தில் உப்புச் சுமந்தார். தையற்காரரும் மீனவரும் கைக்குக் கிடைத்த வேலையைச் செய்தனர். ஒரே இரவில் ஒரு சமூகமே தொழில் மாறியது.

அவர்களில் இரும்பு வியாபாரம் செய்த ஒரு பெரியவரை நான் அறிவேன். கையில் சில நூறு ரூபாய்களுடன் வந்திறங்கிய அவர், ஓராண்டுக்குப் பின் தயக்கத்துடன் கொழும்புக்குச் சென்று, முன்பு தமக்குச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியைச் சந்தித்தார். பத்திரமோ பிணையோ அவரிடம் இருக்கவில்லை. மொத்த வியாபாரி பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாராம். பதினைந்து வருடக் கணக்கில் ஒரு தவணையேனும் தவறியிருக்கவில்லை. அன்று மாலையே ஒரு லொறி சரக்கு கடனுக்குப் புத்தளம் புறப்பட்டது. அந்தப் பெரியவர் இச்சம்பவத்தைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வார்: “வீட்டை விட்டுட்டு வந்தன், கடையை விட்டுட்டு வந்தன் மௌலவி. அந்தக் கணக்கை மட்டும் யாராலயும் பறிக்க ஏலாமப் போச்சு.”

உண்மையை மறைத்துப் பேசுவதும் முறையன்று. காணி, தண்ணீர், நாட்கூலி, பாடசாலை அனுமதி போன்றவற்றில் வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே மனக்கசப்புகளும் ஏற்பட்டன. ஒரே தோட்டத்து வேலைக்கு இரண்டு மடங்கு ஆட்கள் நின்றால் கூலி குறையும். கூலி குறைந்தால் கோபம் வரும். கசப்புக் குறைந்த இடங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது ஒன்றே: அங்கே ஒரு தோட்டக்காரரும் ஒரு கூலியாளும், ஒரு சம்மாட்டியும் ஒரு மீனவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு வேலையால் நெருங்கியிருந்தனர். ஸூரத்துல் ஹஷ்ரிலே அல்லாஹ், தமக்கே தேவையிருந்தும் பிறரைத் தம்மைவிட முற்படுத்திய அன்ஸாரிகளைப் புகழ்ந்து கூறுகின்றான். அப்புகழுக்குரிய பண்பை அன்று தமது தோட்டத்திலும் வாடியிலும் காட்டியவர்கள் நம்மிடையே இன்றும் வாழ்கின்றனர்.

சந்தைக்கு வழி கேட்டவர்

மீண்டும் மதீனாவுக்கு வருவோம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் சகோதரராக ஆக்கப்பட்டார்கள். ஸஃத் (ரழி) தமது செல்வத்தில் பாதியைத் தருவதாகக் கூறினார்கள். அப்துர் ரஹ்மான் (ரழி) அன்னாரின் செல்வத்துக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தைக்குச் செல்லும் வழியை மட்டுமே கேட்டார்கள். பனூ கைனுகா சந்தை அவருக்குக் காட்டப்பட்டது. பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று ஆரம்பித்தார்கள்.

தொழில் தேடும் இளைஞர்களே! இச்சம்பவத்தில் உங்களுக்கு இரண்டு படிப்பினைகள் உள்ளன. முதலாவது, தொடர்புள்ளவரிடம் எதைக் கேட்பது என்பதாகும். நாம் பெரும்பாலும் பணம் கேட்கின்றோம், அல்லது வேலையையே கேட்கின்றோம். அப்துர் ரஹ்மான் (ரழி) கேட்டது வழியை. “இந்தத் தொழிலில் எவரிடம் போய்க் கற்கலாம்? எந்த மாதத்தில் சரக்கு வாங்கலாம்? எதில் ஏமாறக்கூடும்?” என்று கேட்கப்படும்போது எவரும் மனம் சலிப்பதில்லை. இரண்டாவது, வழி காட்டியவரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்பதாகும். அச்சந்தை யூதர்களுடையது. அங்கே புதிதாக நுழைந்த ஒருவர் நேர்மையினாலேயே நிலைத்து நின்றார்.

சில நாட்களில் அன்னார் திருமணம் முடித்து, மணப்பொருளின் நிறத்தின் அடையாளத்துடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். ஒரு பேரீச்சங் கொட்டையின் நிறையளவு தங்கம் மஹராகக் கொடுத்திருந்தார்கள். ஓர் ஆட்டைக் கொண்டாவது வலீமா விருந்து வைக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். புதிய ஊரில், புதிய சந்தையில் கால் ஊன்றிய ஒருவர் தம்மை வாழவைத்த மக்களைத் தமது உணவுக்கு அழைக்கின்றார். ஒரு விருந்தின் உண்மையான பொருள் இதுவே. அது செல்வத்தைக் காட்டுவதற்கான மேடையன்று. நமது வாழ்வில் பங்களித்தவர்களை ஒன்றுகூட்டி நன்றி செலுத்தும் சந்தர்ப்பமாகும்.

நிகழ்ச்சி ஏற்பாடும் ஓர் அமானிதமே

வலீமாவைப் பற்றிக் கூறியதால் நிகழ்ச்சி ஏற்பாடுகள் பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். திருமணமாகட்டும், மத்ரஸா விழாவாகட்டும், இளைஞர் கருத்தரங்காகட்டும், அழைப்பிதழ் அச்சிடுவதுடன் ஏற்பாடு முடிந்துவிட்டதாக நாம் நினைக்கின்றோம். உண்மையில் ஒரு நிகழ்ச்சியைத் தாங்கி நிற்பவர்கள் மேடையில் காணப்படாத சிலர். சமையற்காரர், கொட்டகை போடுபவர், ஒலிபெருக்கிக்காரர், லொறிச் சாரதி, சஹன் பரிமாறும் இளைஞர்கள் ஆகியோரே அவர்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் மத்ரஸா மாணவர்களின் பரிசளிப்பு விழாவொன்றை ஏற்பாடு செய்த குழுவில் நானும் இருந்தேன். முந்திய நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. திறந்த மைதானத்தில் கதிரைகளைப் போட்டிருந்தோம். உடனே தகரக் கொட்டகை தேவைப்பட்டது. வழமையாகக் கொட்டகை தருபவருக்குத் தொலைபேசியில் அழைத்தோம். பொருட்கள் வேறோர் ஊரில் இருப்பதாக அவர் மரியாதையாகவே பதில் சொன்னார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஏனெனில் அதற்கு முந்திய வருடம் அவருக்குரிய பணத்தை நான்கு மாதங்கள் இழுத்தடித்தே நாங்கள் கொடுத்திருந்தோம்.

இரவு ஒன்பது மணியளவில் ஒலிபெருக்கி பூட்ட வந்த சிங்களச் சகோதரர் எங்களின் முகங்களைப் பார்த்து விடயத்தைக் கேட்டறிந்தார். தமது நண்பர் ஒருவரிடம் பேசி, தமது லொறியிலேயே தகரங்களையும் குழாய்களையும் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் வந்தார். விடியுமுன் கொட்டகை நின்றது. எமது வயதான பொருளாளரிடம் இதன் இரகசியம் என்னவென்று கேட்டேன். “நான் ஒண்டும் பெருசாச் செய்யல்ல மகன். அவரோட வேலை முடிஞ்ச அண்டைக்கு ராவே கணக்கு முடிக்கிறது என்ட வழக்கம்” என்றார். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை மிம்பரில் எத்தனையோ முறை நான் விளக்கியிருக்கின்றேன். அன்றிரவு அதன் விளக்கத்தை எனக்கு அந்தப் பொருளாளர் கற்றுத் தந்தார்.

ஹிஜ்ரத்தின் திட்டம்

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைவிடச் சிறந்த ஏற்பாட்டுக்கு உதாரணம் வேறில்லை. அபூபக்ர் (ரழி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்கள் முன்பிருந்தே தீனி கொடுத்துத் தயார்படுத்தினார்கள். அன்னாரின் மகன் அப்துல்லாஹ் (ரழி) பகலில் மக்காவில் செய்தி சேகரித்து இரவில் தௌர் குகைக்குக் கொண்டு சென்றார்கள். மகள் அஸ்மா (ரழி) உணவுப் பையைத் தமது இடுப்புப் பட்டியைக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரழி) இரவில் ஆடுகளை அங்கு ஓட்டிச் சென்று பால் கொடுத்தார்கள். பாதை காட்டும் பொறுப்பு அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரிடம் கூலிக்கு ஒப்படைக்கப்பட்டது. அவர் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை. குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தார். ஆயினும் பாதையை நன்கறிந்தவர், வாக்கைக் காப்பவர். ஒட்டகங்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்று இரவுகள் கழிந்ததும் சொன்னபடி அவர் குகைக்கு வந்து சேர்ந்தார். நபியவர்களைப் பிடித்துக் கொடுப்போருக்கு நூறு ஒட்டகங்கள் என்று அறிவிக்கப்பட்டிருந்த வேளையிலும் அவர் தமது வாக்கை விற்கவில்லை.

அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதென்பது ஏற்பாடு செய்யாமல் இருப்பதன்று. ஒவ்வொரு பொறுப்புக்கும் அதற்குத் தகுதியானவரைத் தெரிந்தெடுத்து, அவரை நம்பி, அவரின் நம்பிக்கைக்கும் தகுதியாக நடந்துகொள்வதும் தவக்குலின் ஓர் அங்கமாகும். தொழில் நம்பிக்கைக்கு இனமோ மதமோ தடையாகாது என்பதையும் ஹிஜ்ரத் நமக்குக் கற்றுத் தருகின்றது. தமிழரும் சிங்களவரும் கத்தோலிக்கரும் நம்மோடு கலந்து வாழும் இக்கரையோரத்தில் இப்பாடம் மிகவும் அவசியமானதாகும்.

தொடர்பை வளர்க்கும் ஒழுங்குகள்

அன்பார்ந்தவர்களே! தொடர்பு என்பது செல்வாக்குத் தேடுவதன்று. தேவை வரும்போது மட்டும் ஸலாம் சொல்பவரை எவரும் விரைவில் இனங்கண்டுகொள்வர். எனவே சில ஒழுங்குகளை நாம் பேணிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, விலகிச் செல்லும் விதம். ஒரு வேலையில் சேரும்போது நாம் காட்டும் பணிவை அதனை விட்டு விலகும்போது காட்டுவதில்லை. முன்கூட்டியே அறிவித்தல், எஞ்சிய வேலையை முடித்தல், அடுத்து வருபவருக்குக் கற்றுக் கொடுத்தல், கருவிகளையும் கணக்கையும் ஒப்படைத்தல் ஆகியன கடமைகளாகும். முதலாளியின் வாடிக்கையாளர்களை இரகசியமாக இழுத்துச் செல்வது மோசடியாகும். நபி (ஸல்) அவர்களுடன் நபித்துவத்துக்கு முன் வியாபாரத்தில் பங்காளியாக இருந்த ஸாயிப் (ரழி) அவர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் நபியவர்களைச் சந்தித்தபோது, அன்னார் சிறந்த பங்காளியாக இருந்தார்கள், ஏமாற்றியதுமில்லை, வீண் தர்க்கம் செய்ததுமில்லை என்று சாட்சி பகர்ந்தார்கள். நமது பழைய பங்காளி, பழைய முதலாளி, பழைய தொழிலாளி நம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்வார் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பரிந்துரை. பள்ளிவாசலுக்கு வந்து நற்சான்றுக் கடிதம் கேட்கும் இளைஞர்கள் பலர். நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதன் நன்மையில் பங்குண்டு, தீய பரிந்துரை செய்பவருக்கு அதன் பாவத்தில் பங்குண்டு என்பது ஸூரத்துந் நிஸாவின் போதனை. தகுதியுள்ளவரை அறிமுகப்படுத்துவது ஸதகா. தகுதியற்றவரை உறவுக்காக நுழைத்துவிடுவது, அவ்விடத்துக்கு உரிய ஓர் ஏழையின் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

மூன்றாவது, கேளாமல் உதவுதல். மூஸா (அலை) அவர்கள் அரண்மனையில் வளர்ந்து, அகதியாக மத்யன் நகரை அடைந்தபோது, இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு எவ்விதக் கூலியும் கேளாமல் நிழலில் போய் ஒதுங்கினார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவரே, வலிமையும் நம்பகமும் உள்ளவர் என்று தம் தந்தையிடம் எடுத்துரைத்து அவரை வேலைக்கமர்த்துமாறு கூறினார். எட்டு வருட ஒப்பந்தம், விரும்பினால் பத்து வருடம். ஸூரத்துல் கஸஸில் இவ்வரலாறு வருகின்றது. பிரதிபலன் எதிர்பாராத ஓர் உதவியே அன்னாருக்கு வீட்டையும் தொழிலையும் குடும்பத்தையும் பெற்றுத் தரும் காரணியாக அமைந்தது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை தொழில் மாற விரும்பினால் உடனே கோபம் கொள்ளாதீர்கள். “முன்பு வேலை செய்த இடத்துக்கு நாளை உன்னால் முகத்தை நிமிர்த்திக்கொண்டு போக முடியுமா?” என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். முடியும் என்றால் அவனுக்கு துஆச் செய்து அனுப்பி வையுங்கள். முடியாது என்றால் புதிய தொழிலுக்கு முதல் தேடுமுன் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள அவனுக்கு உதவுங்கள்.

இளைஞர்களே! நீங்கள் இன்று வேலை செய்யும் இடத்தில் நாளையும் இருப்பீர்களா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் இன்று நீங்கள் கொடுக்க வேண்டிய ஒரு கூலி, முடிக்க வேண்டிய ஒரு வேலை, சொல்ல வேண்டிய ஒரு நன்றி உங்கள் கையிலேயே இருக்கின்றது. இந்த உரை முடிந்ததும் அதில் ஒன்றையேனும் நிறைவேற்றிவிடுங்கள். ஆறு வற்றியிருக்கும் காலத்திலேயே பாலத்துக்குக் கல் வைக்கப்படுகின்றது.

நம் உழைப்பில் ஹலாலையும், நம் தொடர்புகளில் அமானிதத்தையும், நம் ஒன்றுகூடல்களில் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.